கீழே காட்டிய கை

அத்தியாயம் 6

டாரெல் பென்னர் குற்றவாளியைத் தேடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். குற்றவாளி அவன்தான். அதனால் அவசரம் காட்டவில்லை.

பக்கத்து இருக்கையில் அவனுடைய முதலாளி வெர்னா ஷ்ராக், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு புகைப்படத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் கன்சாஸின் கோதுமை அறுப்புக்குத் தயாராக நின்றது. ஆலங்கட்டி மழையில் பயிர் எவ்வளவு பாழாகியிருக்கிறது என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு அளந்து சொல்வதுதான் வெர்னாவின் தொழில். அளவுக்கு மேல் அழுகிற விவசாயிகளை அவர்களுடைய கோதுமைத் தாளை வைத்தே மடக்கியவள். மேலேயிருந்து எது விழுந்தாலும் நம் இலாகா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இந்தத் தடவை மேலேயிருந்து விழுந்தது ஒரு ராக்கெட்டின் பாதி. மெர்ல் கோரிங்கின் மேய்ச்சல் நிலத்தில் உள்ளூர் ராக்கெட் கிளப்காரர்கள் சனிக்கிழமைகளில் கூடி, தாங்களே செய்த ராக்கெட்டுகளைப் பறக்கவிடுவார்கள். போன சனிக்கிழமை ஓய்வுபெற்ற பல் டாக்டர் வில்லர்ட் உன்ரூவின் இரண்டடுக்கு ராக்கெட் ஏறியது. கீழடுக்கு மேலடுக்கைத் தூக்கிக்கொண்டுபோய் நடுவானில் விட்டது. மேலடுக்கு தன் நெருப்பைப் பற்றவைத்துக்கொண்டு கண்ணுக்கு எட்டாத உயரம் போய், பாராசூட் விரித்து, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தது. கீழடுக்கு பாராசூட் இல்லாமல் தலைகுப்புற வந்து மெர்லின் கறுப்புப் பசு மேல் இறங்கியது. பசு அங்கேயே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு 'பட்' என்று ஒரு சத்தம். சிவப்புப் பாராசூட் வெளியே வந்து, துணி போர்த்திவிடுகிற மாதிரி, செத்த பசுவின் முகத்தை மூடியது.

மெர்ல் பசுவுக்காகக் கத்தவில்லை. விபத்து என்றால் விபத்து, ஆனால் யாராவது என்னிடம் பொய் சொன்னால் இந்த நிலத்தில் இனி ஒரு ஊசிப்பட்டாசுகூட வெடிக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வெர்னாவைக் கூப்பிட்டான். வெர்னா வந்து பார்த்தவுடனே பாதி வேலையை முடித்துவிட்டாள். பாராசூட் வரத்தான் செய்தது, கல்யாணம் முடிந்தபிறகு வந்த மாப்பிள்ளை மாதிரி தாமதமாக வந்தது. ஆகவே மருந்தில் பழுதில்லை, மடிப்பில் பழுதில்லை. நேரத்தில்தான் பழுது.

அந்த நேரத்தைக் கணக்குப் பண்ணுகிற கடிகாரம் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் ஒரு மருந்துக்கட்டி மெதுவாகப் புகைந்து எரியும். அது எரிந்து முடிந்ததும் வெடிமருந்து வெடித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும். கடையில் வாங்குகிற கட்டி பதினான்கு விநாடி எரியும். மேலடுக்கை விட்டுவிட்ட கீழடுக்குக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஆறாவது விநாடியில் ஏறுவது நின்று மூக்கு கீழே திரும்பிவிடும். அதனால் பறக்கவிடுகிறவரே கட்டியில் துளை போட்டு அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வெடிமருந்தை நிரப்பி மேலே காகித மூடி ஒட்டிவிட்டால் துளை இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. எரிந்து முடிந்தபிறகு சத்தியமாகத் தெரியாது.

டாக்டர் துளை போட மறந்துவிட்டார் என்று கிளப் முடிவுகட்டிவிட்டது. ஊரில் பாதிப் பேருடைய வாயில் துளை போட்ட மனிதர், ஒரு துளை போட மறந்தார் என்றால் சிரிக்கத் தோன்றும். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் கிளப் கூட்டத்தில் டாக்டர் எழுந்து நின்று, நான் துளை போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் போடவில்லை என்று பசு சொல்கிறது, பசு பொய் சொல்லாது, என் மூளைதான் கழன்றுகொண்டு வருகிறது போலிருக்கிறது என்றார். அவருடைய அப்பாவுக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்ததாம். அன்றைக்கே தன் வண்டிச் சாவியை மகள் ஜேனிஸிடம் கொடுத்துவிட்டார். நாளைக்கு அவளோடு விச்சிட்டா நகரத்துக்கு ஞாபகப் பரிசோதனைக்குப் போகிறார். கிளப்புக்கும் விலகல் சொல்லியாகிவிட்டது.

அந்தக் கிளப்பில் டாரெலும் ஓர் உறுப்பினன்; அன்றைய கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தான். திங்கள் போய்ச் செவ்வாய், செவ்வாய் போய்ப் புதன் என்று ஆகி, இன்று முதலாளிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு தன்னையே துரத்திக்கொண்டிருந்தான்.

"இந்தக் கையப் பாரு," என்றாள் வெர்னா.

"கண்ணு ரோட்டுல இருக்கணும் பாஸ். போன தடவை நீங்க காட்டினதைப் பார்த்து ஒரு தபால் பெட்டிய இடிச்சேன்."

அவன் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. படம் அவனுக்கு மனப்பாடம். யாரோ கூட்டத்தின் பின்னாலிருந்து எடுத்தது. வானத்தில் மேலடுக்கின் வெள்ளைப் புகைக்கோடு. கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து அதைப் பார்க்கிறது. மைக்கில் அறிவிக்கிறவர்கூட மைக்கைத் தொங்கப்போட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார். படத்தின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாமல், கீழடுக்கு ஒரு தீக்குச்சி அளவில் தலைகீழாக வந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு கை மட்டும் அதை நோக்கி நீண்டிருக்கிறது. கையின் சொந்தக்காரரை ஒரு பெண்மணியின் பெரிய தொப்பி மறைத்துவிட்டது. அந்தக் கையில் பாதி கடித்த ஒரு பன்.

பாராசூட் விரியாமல் ஒன்று வருகிறது என்று கண்டவன் உடனே கையை நீட்டிக் காட்ட வேண்டும், அதைப் பார்த்து மற்றவர்களும் நீட்ட வேண்டும் என்பது ராக்கெட் களத்து வழக்கம். பத்துக் கைகள் நீண்டால் பதினோராவது ஆள் தலை தப்பும்.

"நெருப்பு போற பக்கம்தான் கண்ணு போகும்," என்றாள் வெர்னா. "அணைஞ்சு போனதை எவன் பார்ப்பான்? அது தப்பா வரப்போவுதுன்னு முன்னாடியே பயந்துகிட்டு இருந்தவன் பார்ப்பான். பிரிஞ்ச நிமிஷத்துலேருந்து மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்திருக்கான். இந்தக் கைக்கு விஷயம் தெரியும் டாரெல்."

கீழடுக்கைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆளை நிறுத்துவதும் உண்டு. அன்றைக்கு நிறுத்தவில்லை. டாக்டர் செய்தால் தப்பாது என்று எல்லாருக்கும் நம்பிக்கை. டாக்டரும் தான் மேலடுக்கையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், பசு விழுந்த சத்தத்தில்தான் திரும்பியதாகவும் சொல்லியிருந்தார்.

"நீ எங்க இருந்த?"

"எந்தப் படத்துலயும் நான் யாரோட தொப்பிக்காவது பின்னாலதான் இருப்பேன் பாஸ். என் முகராசி அப்படி."

வெர்னா சிரித்தாள். ஐந்து நாளாக அவன் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சொல்கிற விதத்தில் சொன்னால் உண்மையும் நகைச்சுவையாகிவிடுகிறது என்பதுதான் கொடுமை.

"பன் மேல பாரு," என்று வெர்னா விடவில்லை. "சிலுவை மாதிரி ஒரு கீறல். மத்தவங்க கையில இருக்கற பன்ல அது இல்ல. அன்னிக்கு பன் வித்தது ஆர்டித் காஃப்மன். கீறல் போட்டது யாருக்குன்னு கேட்டா, ஆள் கிடைச்சிடுவான்."

"ஒரு பன்னை வெச்சு ஆளைப் பிடிக்கறதா? கோர்ட்டுல சாட்சி ஜீரணமாயிடுச்சுன்னு சொல்லப்போறாங்க."

"ஓட்டு," என்றாள் வெர்னா.

ஆர்டித் காஃப்மன் சர்ச்சின் நிலவறைச் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கறியும் முட்டைக்கோசும் அடைத்த பியராக் பன் இந்த வட்டாரத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு; ஆனால் ஆர்டித்தினுடையது என்றால் ராக்கெட் பார்க்க ஆர்வமில்லாதவர்களும் மேய்ச்சல் நிலத்துக்கு வருவார்கள். அவள் மாவுக் கையோடு படத்தை வாங்க முடியாமல், வெர்னா பிடித்துக் காட்ட, கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

டாரெல் கதவோரமாக நின்றான். இதோ வருகிறது என்று நினைத்தான். பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. தானாகச் சொல்லத் துப்பில்லாதவனுக்கு வேறொருத்தி சொல்லிவிட்டால் போதும். அந்தப் பன்னை அவன் தின்றதை ஆர்டித் பார்த்திருப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு தன் பெயருக்காகக் காத்திருந்தான்.

"இது மிளகாய் வெச்சது," என்றாள் ஆர்டித். "தெரியாம வேற யாராவது கடிச்சிடக் கூடாதுன்னு மேல கீறிவிட்டேன். நம்ம ஆளுங்களுக்கு மிளகே தாங்காது."

"எத்தனை செஞ்ச?"

"ஒண்ணே ஒண்ணு. டாக்டர் வில்லர்டுக்கு. அவருக்குத்தான் நாக்கு அப்படிக் கேக்கும். காலையில நானே கொண்டுபோய் அவர் கையில குடுத்தேன்."

வெர்னா மெதுவாகப் படத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஆர்டித் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பாவம் மனிதர், நேற்று பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவர் இது உங்களுடையதுதானா என்று மூன்று தரம் கேட்டார், கேட்டுவிட்டு, கேட்டேனா என்றும் கேட்டார் என்றாள். வெர்னாவின் முகம், பொய்க் கணக்குக் காட்டின வயலில் நிற்கும்போது ஆகுமே, அப்படி ஆகியிருந்தது.

டாரெலுக்கு அந்த மிளகாயின் காரம் இப்போது நாக்கில் ஏறியது. ராக்கெட் பறக்கிற வரைக்கும் எனக்கு ஒன்றும் இறங்காது, நீ சாப்பிடு என்று டாக்டர் தன் கையிலிருந்ததை அவன் கையில் திணித்துவிட்டுப் போனார். மேலே கீறல் இருந்ததை அவன் கவனிக்கவே இல்லை. அவர் கொடுத்ததைத் தின்றுகொண்டேதான் அவருடைய ராக்கெட் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியில் ஏறியதும் வெர்னா விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். பன் டாக்டருடையது. ஆகவே கை டாக்டருடையது. மேலடுக்கைத்தான் பார்த்தேன் என்று கிளப்பிடம் சொன்னது பொய். கீழடுக்கை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். துளை போடவில்லை என்று தெரிந்தேதான் ஏற்றியிருக்கிறார். இத்தனை பேர் முன்னால் நிறுத்தச் சொல்ல வெட்கம். பிறகு மறதி, மூளை, அப்பா என்று ஒரு நாடகம்.

"சாவியக்கூடக் குடுத்துட்டாரே," என்றாள் வெர்னா. "எவ்வளவு தேர்ந்த ஆளு. நானே அழுதேன் தெரியுமா? மெர்ல்கிட்ட இன்னிக்கே சொல்லியாகணும்."

இனி டாரெல் தப்பிவிட்டான். வாயைத் திறக்காமல் வண்டியை ஓட்டினால் போதும். மறதிக்காரர் என்ற பெயர் போய் டாக்டருக்குப் பொய்யர் என்ற பெயர் வரும். அதைவிடக் கேவலமாக ஒன்று இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது அவனுக்கு வசதியாகப்பட்டது. அந்த நொடியை நினைத்து அவனுக்கே அருவருத்தது.

"அந்தக் கை என்னோடது பாஸ்."

"போதும் டாரெல். இப்ப ஜோக் கேக்கற மனசு எனக்கு இல்ல."

அவன் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தான். வெர்னா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

டாரெல் சொன்னான். சனிக்கிழமை காலையில் டாக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று வழக்கம்போல எதையோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். கை ஆட்டிப் பேசுகிற பழக்கம். துளை போட்டுத் தயாராக இருந்த மோட்டார் அவன் கைபட்டு உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அதன் மேலேயே காலை வைத்தான். நெருப்பு வெளியே வருகிற அடிப்பக்க வாய் உடைந்துவிட்டது. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அதே மாதிரி மோட்டார் ஒன்று, போன வருஷமே மருந்து நிரப்பி மூடி ஒட்டியது, டாரெலின் பெட்டியில் இருந்தது. எடுத்து, டாக்டர் எழுதியிருந்த மாதிரியே ஆறு என்று பேனாவால் எழுதி, அதே இடத்தில் வைத்துவிட்டான். துளை போடும் கருவி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. டாக்டர் கொஞ்சம் நகர்ந்ததும் மூடியைப் பிரித்துத் துளை போட்டுவிடலாம் என்று நினைத்தான். டாக்டர் நகரவில்லை. மோட்டாரை எடுத்து ராக்கெட்டுக்குள் சொருகிவிட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"போன வருஷம் இந்த மோட்டார்ல நானே துளை போட்டு வெச்ச மாதிரி ஒரு ஞாபகம் இருந்துச்சு பாஸ். அதாவது, அந்த ஞாபகத்தை அங்கயே நின்னு நானே தயார் பண்ணிக்கிட்டேன். மைக்குல தலைகீழா எண்ண ஆரம்பிச்சப்பதான் அது பொய்னு எனக்கே தெரிஞ்சுது."

ராக்கெட் களத்தில் நிற்கிற யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எண்ணுவது அப்படியே நின்றுவிடும். ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், காலால் மிதித்த கதையைச் சொல்ல வேண்டியிருக்கும், எப்போதும் அடுத்தவனைச் சிரிக்கவைக்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். அதற்காகத்தான். ஒரு பசு செத்ததும், ஒரு மனிதர் தன் மூளையைச் சந்தேகித்ததும் அதற்காகத்தான்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டரைப் பொய்யர் என்று மெர்லிடம் சொல்லியிருப்பேன், பன்னை வைத்து, என் புத்திசாலித்தனத்தை வைத்து என்று வெர்னா கோதுமையைப் பார்த்தபடி தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள்.

"உன்னை வேலையில வெச்சுக்கறதா வேண்டாமான்னு நாளைக்கு யோசிக்கறேன்," என்றாள் கடைசியில். "இப்ப வண்டிய எடு. டாக்டர் வீட்டுக்கு. உள்ள போய் நீதான் பேசற. நான் வாயத் திறக்கமாட்டேன்."

டாக்டர் வில்லர்ட் கதவைத் திறந்தார். இந்த ஐந்து நாளில் இளைத்திருந்தார். வெர்னா ஷ்ராக், டாரெல் பென்னர் என்று இருவரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி. சரியாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. டாரெலுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. உட்காரச் சொல்வதற்குள், நின்றபடியே, முகவுரை இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

டாக்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நான் துளை போட்டிருந்தேன்."

"போட்டிருந்தீங்க டாக்டர்."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். கீழ விழுந்ததுல மூடி பிச்சுக்கிட்டு மருந்தெல்லாம் கொட்டிப்போச்சு. துளை நேரா, சுத்தமா இருந்துச்சு."

"இன்னொரு தடவை சொல்லு."

டாரெல் இன்னொரு தடவை சொன்னான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஏதோ பாட்டுக் கேட்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினார்.

"தினமும் விடியக்காலம் எழுந்து முப்பத்திரண்டு பல்லோட பேரையும் வரிசையா சொல்லிப் பார்த்தேன்," என்றார். "நாப்பது வருஷம் பார்த்த பல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஒரு பல்லு விட்டுப்போச்சு. எதுன்னு தேடறேன், தேடறேன், கிடைக்கல. பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்."

டாரெல் மன்னிப்புக் கேட்டான். அந்த வார்த்தை அந்த அறையில் ஒன்றுக்கும் போதாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

டாக்டர் அவனைப் பார்த்தார். கண்ணில் முதல்முறையாகப் பழைய கூர்மை வந்திருந்தது.

"அஞ்சு நாளா இருந்த கோபத்தை எல்லாம் என் மேலயே காட்டிக்கிட்டேன்," என்றார். "இனி அது உனக்குத்தான். உட்காரு. போயிடாத. ஜேனிஸுக்கு மட்டும் சொல்லிட்டு வரேன்."

அவர் உள்ளே போனார். தொலைபேசி எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டது. எண்ணைப் பார்க்காமலே அழுத்தினார் போலிருக்கிறது, அவ்வளவு வேகம். பிறகு, ஜேனிஸ், நான் துளை போட்டிருந்தேன்மா, என்றார். அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். நான் போட்டிருந்தேன்மா, என்று மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை வார்த்தை முடியவில்லை.

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாரெல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவர் வந்து வாய்க்கு வந்தபடி திட்டுவதற்காகக் காத்திருந்தான். சீக்கிரம் வந்து திட்டினால் தேவலை என்றிருந்தது. உள்ளே அழுகை நிற்கவில்லை.